கலர் மெஷினும் மைமூன் ராத்தாவின் தேத்தண்ணியும்

மண்மூட்டை

என் வீட்டுக்காரர் நான் வேலை செய்த இடத்துக்கு முதன்முதலாக வந்தபோது தோளில் ஒரு மண்மூட்டையோடு வந்தார்.

அன்றைக்கு நான் சோற்றுப் பார்சலை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். தூரத்தில் அவரைக் கண்டதும், "பாருங்கடி, என்ட மனுசன் சோறு கொண்டு வாறார்" என்று என்னோடு வேலை செய்த பெட்டைகளிடம் பெருமையடித்தும் விட்டேன். கிட்ட வந்த பிறகு பார்த்தால், அவர் தோளில் மூட்டை, பின்னால் வந்த மீனவர் சங்கத்து ஆட்கள் தோளிலும் மூட்டை. சோற்றைக் காணோம். பெட்டைகள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்கும் எங்கள் தமிழ் ஊரான ஆரையம்பதிக்கும் இடையில், கடலோடு சேரும் உவர்நீர் வாவிக் கரையோரமாக இருந்தது எங்கள் சாயச்சாலை. காத்தான்குடித் தறிகளில் நெய்த பருத்தித் துணிக்குச் சாயம் போட்டு, கொழும்பில் உள்ள ஃபேஷன் கடைகளுக்கு அனுப்புவோம். சண்டை கொஞ்சம் ஓய்ந்து, சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. செக்பொயின்ட் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனாலும் லொறிகள் வரத் தொடங்கியிருந்தன, ஓடரும் வரத் தொடங்கியிருந்தது. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். எனக்கு ஷேட் பார்க்கிற வேலை. கடைக்காரன் அனுப்பிய துண்டுத் துணியையும் நாங்கள் சாயம் போட்டதையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, நிறம் சேருகிறதா என்று சொல்ல வேண்டும்.

யோகன், அதுதான் என் வீட்டுக்காரர், வாவியில் இறால், எங்கள் பேச்சில் றால், பிடிக்கிறவர். சங்கத்தின் செயலாளரும் அவர்தான். வந்தவர் மூட்டையை 'தொம்' என்று கீழே போட்டார்.

"என்ன தம்பி இது?" என்றார் ஹாஜியார்.

"வாய்க்கால மூட வந்திருக்கம் ஹாஜியார்."

"மூடினா என்ட தண்ணி எங்க போற?"

"அத நீங்கதான் யோசிக்கோணும். நேத்துச் சந்தையில ஒரு மனிசி எங்கட றாலத் தூக்கிப் பாத்துக் கேக்கிறா, 'இது அவிச்ச றாலா, பச்ச றாலா' எண்டு. உசிரோட துடிக்கிற றால் செவந்து கிடக்கு, ஹாஜியார்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அந்த வாரம் நாங்கள் போட்டது மெரூன் ஓடர். அதன் தண்ணீர் முழுக்க அந்த வாய்க்கால் வழியாகத்தான் வாவிக்குப் போனது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற இளம் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நல்லபடியாக ஏறிய சாயம் பெரும்பாலும் துணியில் நின்றுவிடும். வாவியைக் கெடுத்தது எங்கள் பிழைகள்தான். கண்மட்டத்தில் சாயம் கலந்து போடுவோம். ஷேட் சேராது. மருந்து ஊற்றி அந்தச் சாயத்தைக் கழற்றுவோம், அதற்கு ஸ்ட்ரிப் பண்ணுவது என்று பெயர். மறுபடி போடுவோம். மறுபடியும் சேராது. ஒரு நிறம் சரியாக வருவதற்குள் அதே நிறத்தை வாவிக்கும் இரண்டு மூன்று தரம் கொடுத்துவிடுவோம்.

ஹாஜியார் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "தம்பி, கொழும்புல இருந்து ஒரு கலர் மெஷின் வருது. கொம்பியூட்டர். அது சொல்ற கணக்குல போட்டா முதல் தடவையே சரியா வருமாம். கழுவுற வேல, கழட்டுற வேல பாதியாக் கொறையும். கொஞ்சம் தவண தாங்க."

யோகன் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்தார். வாய்க்கால் வாவியில் விழுகிற இடத்தில் ஒரு கம்பை ஊன்றி, துண்டைக் கிழித்து அதில் கட்டினார். "சித்திர வருசப் பிறப்புக்குப் புதுத் துணி கட்டிப் பாப்பம். அது வெள்ளையா நிண்டா உங்கட பாடு. நிறம் பிடிச்சா வாய்க்காலுக்கு மூட்டதான்."

மூட்டைகள் திரும்பவும் தோளேறி எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து அடுக்கப்பட்டன. அன்று பின்னேரம் நான் அவரைச் சும்மா விடவில்லை.

"நாப்பது பொம்பிளைகள்ட சோத்துல மண் போடப் பாக்கிறீங்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா?"

"அப்ப எங்கட வலையில நீங்க சாயம் ஊத்துறது நல்லாயிருக்கா?"

அவர் சொன்னதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம். சண்டைக் காலத்தில் வேறு எந்த வேலையும் கிடைக்காத ஊரில், நாற்பது வீட்டு அடுப்பு அந்தச் சாயச்சாலையை நம்பி எரிந்தது. வாவிக்கரை அடுப்புகள் றாலை நம்பி எரிந்தன. எங்கள் வீட்டு அடுப்புக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

மெஷின் பொய் சொல்லுமா

மாரி மழை தொடங்கிய கையோடு மெஷின் வந்தது. கூடவே நிரோஷா என்று ஒரு எஞ்சினியர் பிள்ளையும் வந்தாள். கண்டிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, படித்து முடித்த புதிது. நான்தான் லொறியில் போய் அவளைக் கூட்டிவந்தேன். செக்பொயின்ட்டில் ராணுவம் லொறியை மறித்தது.

மெஷின் பார்வைக்குப் பெரிய கமெரா மாதிரி இருக்கும். ஒரு வட்டக் கண், உள்ளே விளக்கு. ஒரு பொருளை அந்தக் கண்ணில் வைத்தால் அதன் நிறத்தை எண்ணாக அளந்து பக்கத்தில் உள்ள கொம்பியூட்டருக்குச் சொல்லும். அந்த நிறம் வர எந்தச் சாயம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கொம்பியூட்டர் ரெசிப்பி போட்டுத் தரும். இதையெல்லாம் ஒரு சிங்கள ஆமிக்காரருக்கு நடுவீதியில் விளக்கிப் பாருங்கள், தெரியும்.

"இது என்ன? பொம்பா?" என்றார் அவர் தெரிந்த தமிழில்.

நிரோஷா பதறவில்லை. "கலர் பார்க்கிற மெஷின், சேர்."

"சரி. என்ட கலர் பாரு." சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்கையை நீட்டிவிட்டார்.

அவள் பற்றரியில் ஓடுகிற மடிக் கொம்பியூட்டரைத் திறந்து, கையை மெஷின் கண்ணில் வைக்கச் சொன்னாள். 'டிக்' என்றது. திரையில் ரெசிப்பி வந்தது. மஞ்சள் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு, கொஞ்சம் நீலம். அந்தப் பழுப்பு நிறம் ஒரு கட்டமாகத் திரையில் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார். மற்ற ஆமிக்காரரும் குனிந்து பார்த்தார்கள்.

"எங்க அம்மா சொல்றது, நான் வெள்ளை எண்டு," என்றார் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "மெசின் பொய்யா?"

"அம்மா சொல்றதுதான் சரி, சேர். மெஷின இன்னும் செட் பண்ணல," என்றாள் நிரோஷா.

அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தடையைத் தூக்கிவிட்டார்கள். லொறி கொஞ்சத் தூரம் வந்த பிறகு அவள் என் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் கையைக் கோர்த்துக்கொண்டே சாயச்சாலை வரை வந்தோம்.

தனிப் பெண் பிள்ளைக்குத் தங்க நல்ல இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில்தான் தங்கினாள். கொல்லையில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் கண்டு, "அக்கா, இங்க பதுங்குற பங்கர் எல்லாம் இருக்கா?" என்று கேட்டாள்.

"பங்கர் இல்ல புள்ள. அது உன்ட மெஷினுக்குக் கட்டின சமாதி," என்றார் யோகன்.

இப்படித்தான் இரண்டு பேருக்கும் முதல் பேச்சு தொடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சோற்றுக்கு முன்னால் சண்டைதான். அவள் றால் குழம்பைத் தட்டில் ஊற்றும்போதெல்லாம், "பாத்துச் சாப்பிடு, இது உங்கட மெரூன்" என்பார். அவளும் விடமாட்டாள், "ஷேட் நல்லா ஏறியிருக்கு அண்ணா, கழுவினாலும் போகாது" என்பாள்.

முதல் நீலம்

கடைக்காரன் கேட்டது ஒரு கடும் நீலம். பழைய முறையில் போட்டால் எங்களைப் படாத பாடு படுத்துகிற நிறம். ரெசிப்பி வந்தது. நிறுத்தோம், போட்டோம், கழுவிப் பிழிந்து காயப்போட்டோம். நான் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நிழலில் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் எது கடைக்காரன் துண்டு, எது எங்கள் துண்டு என்று எனக்கே தெரியவில்லை.

"சேந்திட்டுது!" என்று நான் கத்திய கத்தலில், தொட்டியடியில் நின்ற பெட்டைகள் ஓடிவந்தார்கள். ஹாஜியார் துணியைத் தடவித் தடவிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்றார். முதல் தரத்திலேயே ஒரு நிறம் சேர்ந்தது எங்கள் சாயச்சாலையில் அதுவரைக்கும் நடக்காத காரியம். என் வேலை போய்விடுமோ என்று உள்ளுக்குள் இருந்த பயமும் அன்றே போனது. மெஷின் சொன்னதைச் சரிபார்க்க ஒரு கண் வேண்டும் என்று நிரோஷா என்னைத் தன் பக்கத்திலேயே இருத்தி, கொம்பியூட்டரையும் பழக்கினாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு மெஷின் இருந்த ஆய்வறையில், அதுதான் லெப்பில், ஒரு வெள்ளைச் சட்டையும் கதிரையும் கிடைத்ததில் வந்த சந்தோசத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

ஸ்ட்ரிப் பண்ணுவது நின்றது. அந்த மருந்து நாற்றமும் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தது, நிறமும் வெளிறியது. எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மெஷினுக்குக் குளிர் அறை வேண்டும், கரண்ட் வேண்டும். கரண்ட் போகிற நேரமெல்லாம் ஜெனரேட்டர் ஓடியது. அதன் புகை வேலியோரத்து முருங்கையைக் கருக்கியது. ஆனாலும் கம்பில் கட்டியிருந்த துண்டை யோகன் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் சாப்பிடுவார். அவர் ஒன்றும் பேசவில்லை என்றால் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று பொருள்.

கொல்லையில் இருந்த மூட்டைகள் மேல் எங்கள் கோழி அடைகிடக்கத் தொடங்கியது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

யார் குற்றம்

நல்ல பெயர் கொழும்புக்குப் போய்ச் சேர கனகாலம் எடுக்கவில்லை. முன்னெல்லாம் துண்டுத் துணி பஸ்ஸில் வந்து செக்பொயின்ட் செக்பொயின்ட்டாக இறங்கி ஏறும். இப்போது கடைக்காரன் நிறத்தின் எண்ணைத் தொலைபேசியில் சொன்னால் போதும், பின்னேரமே சாயம் ஏறிவிடும். ஒரு கடை நாலு கடையானது. ஹாஜியாருக்குக் கால் தரையில் படவில்லை. புதுத் தொட்டிகள் வந்தன. கிணற்று மோட்டர் விடியக் காலையில் தொடங்கினால் இருட்டும் வரை ஓயாது. எங்களுக்கும் ஓவர்டைம். யாருக்குக் கசக்கும்?

மாரி போய் வெயில் ஏறியது. அப்போதுதான் தேத்தண்ணி விவகாரம் தொடங்கியது.

எங்களுக்குத் தேத்தண்ணி போடுகிறவர் மைமூன் ராத்தா. அக்காவைக் காத்தான்குடியில் ராத்தா என்பார்கள். இஞ்சி தட்டிப்போட்டு அவர் தருகிற, பால் விடாத பிளேன்டிக்காகவே வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. ஒரு நாள் ஒரு பெட்டை முகத்தைச் சுளித்தாள். "என்ன ராத்தா, சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுட்டீங்களா?"

"ஒனக்கு நாக்குல கோளாறு," என்றார் ராத்தா.

அடுத்த நாள் இன்னொருத்தி சொன்னாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். வயது போய்விட்டது, கண் தெரியவில்லை, மகன் வெளிநாடு போன கவலையில் கை தவறுகிறது என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ராத்தா வாய் கொடுத்து வாய் வாங்குகிற ஆள். அப்படிப்பட்டவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எனக்கே மனம் கேட்கவில்லை. ஆனால் தேத்தண்ணி கரித்தது உண்மை. நானும்தான் ஒளித்து ஒளித்து வாசலில் ஊற்றினேன்.

அதே நாட்களில்தான் மெஷினும் காலை வாரியது. அதே நீலம், அதே ரெசிப்பி, துணி திட்டுத் திட்டாகக் கறுத்து வந்தது. நிரோஷா மெஷினைத் துடைத்தாள், அளவு பார்க்க அதோடு வந்த வெள்ளை ஓட்டை வைத்து மறுபடி செட் பண்ணினாள், சாய டின்களைப் பிரித்துப் பார்த்தாள், தராசைச் சோதித்தாள். ஒன்றிலும் பிழை இல்லை. ஆனால் துணி பிழையாகவே வந்தது. பழையபடி ஸ்ட்ரிப். பழையபடி மருந்து நாற்றம். இப்போது தொட்டிகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. வாய்க்கால் முன்பை விட மோசமாக ஓடியது.

ஒரு பின்னேரம் யோகன் கம்பிலிருந்து அவிழ்த்த துண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். நல்ல கடும் நீலம்.

"வருசப் பிறப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் கவலையோடு சொன்னார். "புவனா, சங்கத்தில நான் ஒரு ஆள்தான் தவண குடுப்பம் எண்டு நிண்டவன். பொஞ்சாதிக்காகக் கதைக்கிறான் எண்டு எல்லாரும் சொல்றாங்க. இனி அவங்கள நான் நிப்பாட்ட ஏலாது."

நிரோஷா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. கொல்லையில் கோழி முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தது. அதற்கு என்ன தெரியும்!

தேத்தண்ணி வழக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வாசல் படலையில் மைமூன் ராத்தா வந்து நின்றார். கையில் அவருடைய தேத்தண்ணிக் கேத்தல், இடுப்பில் ஒரு பை.

"புவனா, ஒன்ட அடுப்பக் காட்டு."

"என்ன ராத்தா, வாங்க, இருங்க—"

"இருக்க வரல்ல. தேயில என்டது, சீனி என்டது, இஞ்சி என்டது, கேத்தல் என்டது. அடுப்பும் தண்ணியும் மட்டும் ஒன்டது. நான் போட்டுத் தாறன், நீங்க மூணு பேரும் குடிங்க. கரிச்சா நான் நாளையில இருந்து வேலைக்கு வரல்ல. கரிக்காட்டி சாயச்சாலையில எல்லாருக்கும் முன்னுக்கு நீ சொல்லோணும், மைமூன்ட கை சுத்தமெண்டு."

வழக்கு என்றால் இதுதான் வழக்கு. ராத்தா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பை ஊதினார். நாங்கள் மூன்று பேரும் குற்றவாளிகளைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தோம். தேத்தண்ணி வந்தது. ராத்தா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாடா! எத்தனை நாளைக்குப் பிறகு அந்தப் பழைய பிளேன்டி! இஞ்சி தொண்டையில் இறங்க, யோகன் கண்ணை மூடிக்கொண்டு, "ராத்தா, இதுக்கு நான் இன்னொரு கோப்ப குடிப்பன்" என்றார்.

"பாத்தியா? பாத்தியா? என்ட கையில உப்பா இரிக்கி?" ராத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப அங்க ஏன் கரிக்குது?" என்று கேட்டேன். "தேயிலயும் நீங்கதான் கொண்டு வாறது, சீனியும்…"

"தண்ணி," என்றாள் நிரோஷா.

கோப்பை அவள் உதட்டோடு நின்றது. பிறகு அவள் போட்ட சத்தத்தில் கோழி மூட்டையிலிருந்து பறந்தது. "அக்கா! உப்பு! தண்ணியில உப்பு!"

எனக்கும் அப்போது உறைத்தது. பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்புப் போட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் மாரியில் எப்படி இருந்ததோ, அப்படித்தான் எப்போதும் இருக்கும் என்று நம்பி, கொம்பியூட்டர் உப்பின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. கிணறே உவர்த்துப் போயிருந்தால், நாங்கள் உப்புக்கு மேல் உப்பைப் போட்டிருக்கிறோம். சாயம் கண்டபடி ஓடிப் பிடித்துத் திட்டாகாமல் என்ன செய்யும்? மெஷின் பொய் சொல்லவில்லை. தண்ணீர் மாறியதை அதற்கு நாங்கள் சொல்லவில்லை.

"ஏன் உவர்த்தது? மாரியில நல்லாத்தானே இருந்திச்சு," என்றேன்.

"விடிஞ்சாப் பொழுதுபட்டா மோட்டர் ஓடுது," என்றார் யோகன் மெல்ல. "வாவி எங்க இருக்கு? வேலிக்கு அந்தப் பக்கம். நல்ல தண்ணிய இறைச்சு முடிச்சா அந்த இடத்துக்கு வேற எது வரும்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ராத்தா மட்டும் நிமிர்ந்து நின்று கேத்தலைக் கழுவினார். "பொறகென்ன, என்ட தேத்தண்ணிதானே கண்டு புடிச்ச?" என்றார்.

ஹாஜியாரின் கணக்கு

நான்கு பேரும் அப்படியே ஹாஜியார் வீட்டுக்குப் போனோம். அவர் வாசலிலேயே நிரோஷா எல்லாவற்றையும் சொன்னாள். ஓடரைக் குறைக்க வேண்டும், மோட்டருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது.

"குடுத்த வாக்க எப்படித் தங்கச்சி மாத்துற? நாலு கடைக்கும் சொல்லி வெச்சிரிக்கன்."

பேசியது ராத்தா. "ஹாஜியார், எங்கட தெருவுல மூணு வீட்டுக் கிணறு இப்ப உவருது. புள்ளைகளுக்கு நல்ல தண்ணிக்குப் பொம்பிளைகள் பள்ளிவாசல் கிணத்துக்குக் குடம் தூக்குறாங்க. இத்தின நாளா நானும் ஏனெண்டு தெரியாமத்தான் இரிந்த."

ஹாஜியார் தன் மேலேயே சலித்துக்கொண்டவர் போலச் சிரித்தார். "தண்ணிய மிச்சம் புடிக்கத்தான் மெஷின் வாங்கின. மிச்சம் புடிச்ச தண்ணியையும் சேத்து நானே குடிச்சிட்டன். அல்லாஹ் மன்னிக்கட்டும்."

அந்த மனுசனிடம் எனக்குப் பிடித்தது அதுதான். ஒரு விசயம் விளங்கிவிட்டால் வளவளவென்று இழுக்க மாட்டார். அன்றைக்கே இரண்டு கடைக்குச் சொல்லி ஓடரைத் தள்ளிப் போட்டார். ஒரு கடைக்காரன் ஏசிவிட்டு விட்டுப்போனான். புதுத் தொட்டிகள் பாதி மூடப்பட்டன. கடைசிக் கழுவலின் தண்ணீர் அவ்வளவு அழுக்காக இருக்காது, அதைப் பிடித்து அடுத்த துணியின் முதல் கழுவலுக்கு விட்டோம். மழைத்தண்ணீர் பிடிக்கக் கூரைக்குப் பீலி வைத்தோம். சாயத்தண்ணீர் நேரே வாவிக்குப் போகாமல் தங்கித் தெளிந்து போக ஒரு பள்ளமும் தோண்டினோம்.

மோட்டர் ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, அதன் திறப்புச் சாவியை ஹாஜியார் மைமூன் ராத்தாவின் கையில் கொடுத்தார். காலையில் ராத்தா தேத்தண்ணி போட்டு ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். கரித்தால் அன்று மோட்டர் இல்லை, சாயம் இல்லை, எல்லோருக்கும் துணி மடிக்கிற வேலைதான். கொழும்பிலிருந்து வந்த மெஷினுக்கு எசமானி ஒரு கேத்தல்! நிரோஷா இதைத் தன் ஒஃபீசுக்கு எப்படி எழுதினாளோ தெரியாது. தண்ணீரின் உப்பை அளந்து அதற்குத் தக்கபடி ரெசிப்பியை மாற்றவும் அவள் கொம்பியூட்டருக்குப் பழக்கினாள். ஆனாலும் முதல் தீர்ப்பு ராத்தாவின் நாக்குத்தான்.

பங்குனிக் கடைசியில் பின்னேரங்களில் இடிமழை வந்தது. கிணற்று உவர் மெல்ல மெல்லக் குறைந்தது.

வருசப் பிறப்பு

வருசப் பிறப்புக்கு முதல் நாள் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். சொன்ன சொல் தவறாமல் மூட்டைகளோடும் வந்தார்கள். கோழியைக் கிளப்பிவிட்டு எடுத்து வந்திருந்தார் யோகன். பெட்டைகள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் நின்றார்கள்.

முந்தின நாளே கட்டிவிட்டுப்போன புதுத் துணியை யோகன் அவிழ்த்தார். பிழிந்து விரித்தார். எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. சங்கத்தில் ஒருவர், "மங்கலா இருக்கே" என்றார். இன்னொருவர், "அது சேறு" என்றார். நான் என்ன சொன்னாலும் ஹாஜியாரின் ஆள் என்பார்கள். யோகன் என்ன சொன்னாலும் என் புருசன் என்பார்கள்.

"மெஷினில வைப்பம்," என்றார் யோகன். "அது எந்த ஊர்ப் பக்கமும் இல்ல."

குளிர் அறைக்குள் சங்கம் முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கட்டாத துணித் துண்டை முதலில் வைத்தோம், கட்டிய துண்டைப் பிறகு வைத்தோம். 'டிக்' என்றது. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மிகச் சிறிய எண். நிரோஷா அதைக் காட்டி, "இதைக் கண்ணால கண்டுபிடிக்க ஏலாது" என்றாள். அவளும் எங்கள் ஊர் 'ஏலாது' சொல்லப் பழகியிருந்தாள்.

வெளியே வந்தோம். மைமூன் ராத்தா பெரிய தட்டில் கோப்பைகளோடு நின்றார். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். ஹாஜியார் முதலில் ஒரு கோப்பையை எடுத்து யோகனிடம் நீட்டினார். "குடிங்க தம்பி. குடிச்சிட்டுச் சொல்லுங்க."

யோகன் ஒரு மிடறு எடுத்தார். வாய்க்குள் வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நாற்பது பேரும் அவர் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுங்கினார்.

"சீனி காணாது," என்றார்.

ராத்தா, "எடேய்!" என்று அகப்பையை ஓங்கிக்கொண்டு துரத்த, பெட்டைகள் கைகொட்ட, ஹாஜியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அன்றைக்குச் சாயச்சாலை கிடந்த கிடையைப் பார்த்திருந்தால் அடுத்த ஊர்க்காரர்கள் கலியாணம் என்று நினைத்திருப்பார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. வாய்க்காலை மூட வந்த மூட்டைகளை, நாங்கள் தோண்டிய பள்ளத்துக்குக் கரையாக அன்றைக்கே யோகனும் ஆட்களும் அடுக்கிவிட்டுப் போனார்கள். கோழிதான் கனநாள் எங்களோடு கோபமாக இருந்தது.

பிறகு நான் பெரிய பெரிய ஆலைகளின் லெப்களில் வேலை செய்தேன். தானே நிறுத்து, தானே கலந்து, தானே ஊற்றுகிற மெஷின்களையெல்லாம் பார்த்துவிட்டேன். எல்லாம் நல்ல மெஷின்கள்தான். பிழையைக் குறைக்கும், தண்ணீரைக் குறைக்கும், அது உண்மை. குறைந்ததை என்ன செய்வது என்று தீர்மானிப்பது மட்டும் அவற்றின் வேலை இல்லை. மிஞ்சிய தண்ணீர் கிணற்றில் கிடக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

ஆகவே புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். ஏதாவது ஒரு ஆலைக்கு என்னைக் கூப்பிட்டு, "மேடம், முதலில் மெஷினைப் பார்ப்போமா" என்று கேட்டால், "முதலில் ஒரு தேத்தண்ணி தாங்க" என்பேன். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் போட்டுத் தருவார்கள். நானும் ஒன்றும் சொல்லாமல், ஒரு மிடறை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அவர்களுடைய கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பேன்.